ராப்பசி

செஞ்சி,
12 பிப்ரவரி 2023

தம்பி ஸ்ரேயாம்ஸுக்கு,

நெடுமாறன் என்று எழுதவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பெயரில் எனக்குத் தம்பி கிடையாது. சினிமாவுக்குப் பெயர் மாற்றுவது சகஜம்தான். ஆனால் சமணத்தை விட்டுப் போய்ச் சமணர்களைக் கழுவேற்றியதாகக் கதை சொல்கிறார்களே, அந்தப் பாண்டியன் பெயரையா ஒரு சமண நயினார் வீட்டுப் பிள்ளை தேடிப் பிடிக்க வேண்டும்? உனக்கு அந்தக் கதையே தெரிந்திருக்காது. பள்ளிக்கூடத்தில் நீ அவ்வளவு கவனமாகப் படித்தவன்.

போனில் கூப்பிட்டால் உன் உதவியாளர் எடுக்கிறான். "சார் டிஸ்கஷன்ல இருக்காரு, நீங்க யாரு?" என்றான். அக்கா என்றேன். "சாருக்கு அக்கா இருக்காங்களா?" என்று என்னையே கேட்கிறான். அதனால்தான் கடிதம்.

நேற்று உன் பேட்டியைப் பார்த்தோம். "எங்க வீட்டுல ராத்திரி அடுப்பு எரிஞ்சதே இல்லை. சின்ன வயசு முழுக்க நான் ராத்திரிச் சோறு பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய். பேட்டி எடுத்த பெண் அழுதேவிட்டாள். பாவம், நீ ஜைன வீட்டுப் பிள்ளை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எந்த ஜைன வீட்டிலடா ராத்திரி அடுப்பு எரிந்தது? பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு எழுந்துவிடுவோம் என்பதை ஏன் சொல்லவில்லை? அம்மா சாயங்காலமானால் உன்னைத் தெருத்தெருவாகத் தேடிப் பிடித்து இழுத்து வருவாள். "விளக்கு வைக்கிறதுக்குள்ள சாப்டுட்றா, அப்புறம் அழுதாலும் கிடையாது." நெய் ஊற்றிய பருப்புச் சோறு, வாழைக்காய் வறுவல், கெட்டித் தயிர். வாழைக்காயைத் தடியாக நறுக்கிவிட்டாள் என்று நீ தட்டைத் தள்ளுவாய். அவள் மறுபடி போய்ப் பொடியாக நறுக்கி வறுத்து வருவாள். உன் 'ராப்பசி' படத்தில் வருகிற அம்மா எச்சில் இலையைப் பொறுக்குகிறாள். நம் அம்மா உயிரோடு இல்லாதது உனக்கு எத்தனை வசதி.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பூங்குழலி டீச்சர் 'ராப்பசி' பார்த்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்ளோ கஷ்டப்பட்டிருக்கீங்க, ஒரு வார்த்தை சொல்லலையே டீச்சர்" என்று தன் டிபன் பாக்ஸை என் பக்கம் நகர்த்தினார். சுண்டல். அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சிக்கு வருகிற வரையில் பஸ்ஸில் என்னால் தலை நிமிர முடியவில்லை.

அடுத்து நீ சொன்னதுதான் பெரிது. "அப்பா குடிச்சுக் குடிச்சே செத்தாரு, நான் ஆறாவது படிக்கும்போது." அப்போது நைனா என் பக்கத்தில் உட்கார்ந்து என் செல்லில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஆறாவதுலயே போய்ட்டனா?" என்றார். கொஞ்சம் யோசித்து, "அப்ப இவனைக் காலேஜ்ல சேத்து உட்டது யாரு?" என்று கேட்டுச் சிரித்தார்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் ஜினதாஸ் நயினாரின் மகள்
ஜெயந்தி

*

சென்னை,
3 மார்ச் 2023

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை ரசித்துப் படித்தேன். நன்றாகத் திட்டுகிறாய். வசனம் எழுத வந்துவிடேன்.

நீ ஸ்கூல் டீச்சர். ஒன்றை நடந்தபடியே சொன்னால்தான் அது உண்மை என்று நினைப்பாய். எனக்கு அந்த வசதி இல்லை. வருஷக்கணக்காக உதவி இயக்குநர் என்ற பெயரில் நான் என்ன செய்தேன் தெரியுமா? நடிகர்களுக்குக் குடை பிடித்தேன். இயக்குநரின் நாய்க்கு ஊசி போட அழைத்துப் போனேன். ஒரு நாள் வடபழனியில் ஒரு லாட்ஜ் அறையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். "உங்க வாழ்க்கையில பெரிய வலி எது? ஒவ்வொருத்தனா சொல்லுங்கடா" என்றார் இயக்குநர். ஒருவன் பிளாட்பாரத்தில் படுத்து வளர்ந்தவன். இன்னொருவன் தன் அக்கா தீக்குளித்ததைச் சொன்னான். என் முறை வந்தது. நான் எதைச் சொல்வேன்? விதைக் கடைக்காரர் மகன். நேரத்துக்குச் சாப்பாடு. கை ஓங்காத அப்பா. செட்டிகுளத்தில் பந்து விழுந்து காணாமல்போனதுதான் என் வாழ்க்கையின் பெரிய துக்கம். இதை யார் படமெடுப்பார்கள்?

"ராத்திரில சாப்பிட்டு வளரல சார்" என்றேன். பொய்யா அது? இயக்குநர் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். ஏன் சாப்பிடவில்லை என்று ஒருத்தர் கேட்கவில்லை அக்கா. "அப்பா குடிப்பாரா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. மிச்சத்தை அவர்களே கட்டிக்கொண்டார்கள். அன்றைக்கு வரை என் பெயர்கூடத் தெரியாதவர்கள் மறுநாள் எனக்கு நாற்காலி போட்டார்கள்.

உங்களுக்கெல்லாம் இது புரியாது. கோட்டை மலையை அண்ணாந்து பார்த்தபடியே பிறந்து, விதை விற்று, பரீட்சைப் பேப்பர் திருத்தி, அதே மலையைப் பார்த்தபடியே போய்ச் சேருகிற ஊர் அது. அந்த ஊரில் நடந்த எதையும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. நான் ஞாபகம் வைத்துக்கொள்கிற மாதிரி ஒன்றைச் செய்திருக்கிறேன்.

அடுத்த படம் ஒரு அப்பாவைப் பற்றியது. நம் வீடுதான் லொகேஷன். நைனாவிடம் கேட்டுச் சொல். நான் கேட்டால் நீ குறுக்கே பேசுவாய் என்று தெரியும், அதனால் உன்னையே கேட்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
ஸ்ரேயாம்ஸ் (உனக்காக மட்டும்)

*

செஞ்சி,
20 மார்ச் 2023

தம்பிக்கு,

நைனாவிடம் கேட்டேன். முடியாது என்று சொல்ல வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேதான் கேட்டேன். "நம்ம வூட்டுல ஷூட்டிங்கா? ஏன், நல்லாத்தான் இருக்கும்" என்கிறார். உன்னைப் பார்த்து ரொம்ப நாளாகிறது, அதற்காகச் சம்மதிக்கிறார். இதைக்கூட நான் எழுதித்தான் உனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

வீட்டுக்குள் கறி, முட்டை, சிகரெட் மூன்றும் வரக் கூடாது. அம்மாவின் அடுப்பங்கரையில் யாரும் செருப்புக் காலோடு நடக்கக் கூடாது. மனிதர்களுக்குச் சொல்வது போலச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. எதையும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லாத ஊர் என்று எழுதியிருந்தாய். அந்த ஊர்தான் உனக்கு இப்போது லொகேஷன்.

ஜெயந்தி

*

செஞ்சி,
9 செப்டம்பர் 2023

ஸ்ரேயாம்ஸ்,

நீ போன பிறகு பத்து நாள் எழுதவில்லை. எழுதினால் கெட்ட வார்த்தை வரும் என்று பயந்தேன்.

உன் ஆட்கள் வெள்ளையடித்த சுவரில் கரி பூசினார்கள். நல்ல ஓட்டை உடைத்து மழை ஒழுகும்படி செய்தார்கள். கூடத்திலிருந்த தீர்த்தங்கரர் படத்தை ஒருவன் கழற்றப் போனான். நைனா அவனைத் தடுத்து, தானே இறக்கி, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "அங்க குடிகாரன் வூடாச்சே, சாமி இங்க இருக்கட்டும்" என்றார். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். உன் சினிமாவின் மேல் அவருக்கு அவ்வளவு ஆசை. கடைக்கு வருகிற விவசாயிகளிடமெல்லாம் "பையன் வேலையில மும்முரமா கீறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் எல்லாருக்கும் உன் பொய் தெரியும். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. கூட்டத்தில் நிற்கவாவது நீ கூப்பிடுவாய் என்று ஆசை. அத்தனை மலிவாக அவர்களை வாங்கிவிட்டாய்.

மூன்றாம் நாள் நடந்ததை உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். நீ ஞாபகங்களைப் புதிதாக எழுதுகிறவன், அதனால் இதுவும் மாறிவிடும் முன்னே எழுதி வைக்கிறேன்.

அப்பா வேஷம் போட்டவர் சோற்றுத் தட்டை எட்டி உதைக்க வேண்டும். முதல் தடவை தட்டு சரியாகப் பறக்கவில்லை என்றாய். மறுபடி சோறு வந்தது. மறுபடி உதைத்தார். தரையெல்லாம் சோறு. அம்மா உட்கார்ந்து உனக்குப் பரிமாறின இடம் அது. ஓரமாக நின்றிருந்த நைனா அந்த நடிகரிடம் போய், தணிவாகத்தான் சொன்னார்: "தம்பி, சோத்தை உதைக்காம வேற எதுனா உதைக்கிற மாதிரி வெச்சிக்கக் கூடாதா?" அந்த மனிதர் நல்லவர், தலையாட்டினார். நீதான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கத்தினாய்:

"யாருப்பா அந்தப் பெருசை உள்ள விட்டது? ஓரமா உக்கார வைங்க!"

பார்க்காமல் சொன்னாய் என்று வைத்துக்கொள்கிறேன். குரல் உனக்குத் தெரியாதா? ஒருவன் வந்து நைனாவின் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தான்.

மத்தியானம் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். ஒரு பையன் மைக்கை நீட்டி "ஐயா யாரு?" என்று கேட்டான். நைனா வாயைத் திறந்தார். நீ ஓடி வந்தாய். ஷூட்டிங்கில் உன்னை அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்க்கவில்லை. "இவருதான் ஹவுஸ் ஓனர். எங்க பெரியப்பா முறை. அப்பா போனதுக்கு அப்புறம் இவருதான் எங்களை ஆதரிச்சாரு" என்று அவர் தோளில் கை போட்டாய்.

நைனா உன் முகத்தைப் பார்த்தார். பிறகு மைக்கைப் பார்த்து, "ஆமா, பெரியப்பாதான்" என்றார்.

அந்தப் பையன் விடவில்லை. "டைரக்டர் சாரோட அப்பா எப்படி இருப்பாருங்க ஐயா?"

"என்னாத்த சொல்றது," என்றார் நைனா. "என் உசரம்தான் இருப்பாரு."

நீ சிரித்துச் சமாளித்தாய். நான் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். அன்றைக்குச் சாயங்காலம் அவர் சாப்பிடவில்லை. பொழுது போய்விட்டது, நேரம் தவறிவிட்டது என்று காரணம் சொன்னார். வெளியே வெயில் இருந்தது.

சந்தோஷப்படு. உன் புண்ணியத்தில் நம் வீட்டிலும் ஒரு ராப்பசி வந்தது.

ஜெயந்தி

*

சென்னை,
14 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் வாழ்த்துகள். உன் கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்தது தப்புதான். படத்தின் வேலை, பிறகு வெளியீடு, பிறகு விருது. விருது விழாவை டிவியில் பார்த்திருப்பீர்கள். நைனா என்ன சொன்னார்?

இப்போது ஒரு சிக்கல். அவசரம். என்னோடு பத்தாவது படித்த முருகையன், விழாவில் நான் பேசினதைப் பார்த்துவிட்டு எங்கேயோ வாயை விட்டிருக்கிறான். 'இயக்குநரின் செத்துப்போன அப்பா செஞ்சியில் விதை விற்கிறார்' என்று ஒரு சேனல்காரன் தலைப்பே தயார் பண்ணிவிட்டான். அடுத்த வாரம் கேமராவோடு வருகிறார்கள். என் அடுத்த தயாரிப்பாளர் போனை எடுக்க மாட்டேன் என்கிறார். இது வெளியே வந்தால் நான் முடிந்தேன். என்னை ஏமாற்றுக்காரன் என்று சொல்வதோடு நிற்க மாட்டார்கள். கோமாளி ஆக்கிவிடுவார்கள். கோமாளியிடம் யாரும் படம் கொடுக்க மாட்டார்கள்.

நைனா ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏற்கெனவே சொன்னதுதானே. "நான் பெரியப்பா. என் தம்பி குடியில செத்துட்டான்." இவ்வளவுதான். அவருக்கு நடிப்பு நன்றாக வருகிறது, அன்றைக்கே பார்த்தேன். நீ மட்டும் நடுவில் வராதே. உன் கோபம் என்மேல். அதை என்னோடு வைத்துக்கொள்.

நைனாவிடம் நேரில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நீ கேள் அக்கா. காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள். இந்த ஒரு தடவை.

உன் தம்பி
ஸ்ரேயாம்ஸ்

*

செஞ்சி,
27 ஜனவரி 2025

ஸ்ரேயாம்ஸ்,

விழாவைப் பார்த்து நைனா என்ன சொன்னார் என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன்.

எங்கள் வீட்டில்தான் பார்த்தார். உன்னை மேடைக்குக் கூப்பிட்டபோது முதலில் கை தட்டினது அவர்தான். நீ விருதை மேலே தூக்கிப் பிடித்து, வானத்தைப் பார்த்து, "அப்பா, எங்களைப் பட்டினி போட்டீங்க, அடிச்சீங்க. ஆனா இன்னைக்கு இந்த மேடையில உங்களை நான் மன்னிச்சிட்டேன்" என்றாய். கீழே எல்லாரும் எழுந்து நின்றார்கள். பெரிய நடிகைகளெல்லாம் கண்ணைத் துடைத்தார்கள்.

நைனா தட்டின கையை மடியில் வைத்துக்கொண்டார். "மன்னிச்சிட்டானாம்" என்றார். "டிவியை நிறுத்து" என்றார். செத்ததாகச் சொன்னாய், சிரித்தார். குடிகாரன் என்றாய், பொறுத்தார். ஹவுஸ் ஓனர் ஆக்கினாய், ஆமாம் என்றார். மன்னித்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். ஒரு வரி விடவில்லை. 'நடிப்பு நன்றாக வருகிறது' என்கிற இடத்தில் நான் நிறுத்தினேன். "படி, படி" என்றார். முழுக்கக் கேட்டுவிட்டு, "வரட்டும், நான் பேசிக்கிறேன். நீ நடுவுல வராத" என்றார். நீ எழுதியதையே அவரும் சொன்னார்.

சேனல்காரர்கள் கடைக்கே வந்தார்கள். சிங்கவரத்திலிருந்து வந்த ரெண்டு பேருக்கு அப்போது உளுந்து விதை அளந்துகொண்டிருந்தார். அவர்களை அனுப்பிவிட்டுத்தான் மைக் பக்கம் திரும்பினார்.

"டைரக்டர் நெடுமாறனோட அப்பா நீங்கதான்னு சொல்றாங்களே ஐயா?"

"எனக்குப் புள்ளை கெடையாதுப்பா. ஒரே பொண்ணு. அதோ நிக்குது, டீச்சர்."

"அப்ப அவருக்குப் பெரியப்பாவா? அவரே ஒரு வீடியோல சொல்லியிருக்காரே."

"அதுவும் இல்ல. ஷூட்டிங்குக்கு வூட்டை உட்டேன். அதோட சரி. அந்தப் பழக்கத்துல பெரியப்பான்னு கூப்டுது, நானும் ஆமான்னேன். நமக்கும் அவருக்கும் வேற ஒண்ணும் இல்ல."

"அவரு நல்ல படமா எடுக்கறாரு, பாத்தீங்களா?"

"பாத்தேன். நமக்கு அந்த மாதிரி படம் ஒத்துக்கல."

மைக் பிடித்திருந்த சேனல் பெண் என்னைப் பார்த்தாள். என் நாக்கு நுனியில் எல்லாம் இருந்தது. உன் பிறந்த தேதி, உன் காதுகுத்து போட்டோ, உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அவர் கோட்டைப் படி ஏறினது, எல்லாம். ஒரு நிமிஷத்தில் உன்னைக் கோமாளி ஆக்கியிருப்பேன். சத்தியமாக ஆசையாக இருந்தது. நைனா என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் கையை மட்டும் லேசாக அசைத்தார், வேண்டாம் என்று. "நைனா சொல்றதுதான்" என்றேன்.

அவர்கள் போன பிறகு கேட்டேன். "இன்னா நைனா இப்டி சொல்லிட்ட? அவன் மேல அவ்ளோ கோவமா?"

"கோவமா?" என்றார். "கோவப்படறதுக்கு அந்த ஆளு எனக்கு இன்னா வேணும்?"

அப்படியே போய்க் கடையில் உட்கார்ந்துவிட்டார். நடிக்கிறாரோ என்று நானும் அன்றிலிருந்து பார்க்கிறேன். உன் பெயரைச் சொன்னால் பேச்சை மாற்றுவது கிடையாது. யாரோ தெரியாத ஆளைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டுக்கொள்கிறார். நீ கேட்டதற்கு மேலேயே செய்துவிட்டார். செய்தி அடங்கிவிட்டது. உன் தயாரிப்பாளர் போனை எடுப்பார்.

எனக்கு மட்டும் இன்னும் உன்மேல் கோபம் இருக்கிறது. அதைப் பெரிய பாக்கியமாக நினைத்துக்கொள். அதுவும் தீரும்வரை எனக்கு எழுதாதே.

ஜெயந்தி

*

சென்னை,
19 அக்டோபர் 2025

அன்புள்ள அக்கா,

எழுதாதே என்றாய். நான்கு கடிதம் எழுதிவிட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இது ஐந்தாவது.

சனிக்கிழமை செஞ்சிக்கு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததிலிருந்து எங்கே பார்த்தாலும் வெளியூர்க் கார். காந்தி பஜாரில் வண்டியை நிறுத்த இடமில்லை. தள்ளி நிறுத்திவிட்டு நடந்தேன். தொப்பியும் மாஸ்க்கும் போட்டிருந்தேன். ரெண்டு பேர் அப்படியும் கண்டுபிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

நைனா கடையில் தனியாகத்தான் இருந்தார். நான் போய் முன்னால் நின்றேன். மாஸ்க்கைக் கழற்றினேன். தொப்பியையும் கழற்றினேன். காலில் விழ வேண்டும், நைனா என்று கூப்பிட வேண்டும் என்று கார் ஏறினதிலிருந்து மனதில் ஓட்டிக்கொண்டே வந்தேன்.

அவர் நிமிர்ந்து என் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"வாங்க தம்பி. இன்னா வோணும்? மல்லாட்டை விதையா?"

தலையை ஆட்டினேன். எந்த ஊர், மானாவாரியா, கிணத்துப் பாசனமா என்று கேட்டார். ஏதோ சொன்னேன். மூட்டையிலிருந்து ஒரு கை நிலக்கடலைப் பருப்பை அள்ளி என் உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். அதிலிருந்து சொத்தை ஒன்றைப் பார்த்து, விரலால் தள்ளித் தெருவில் போட்டார். "மத்ததெல்லாம் நல்லா மொளைக்கும். மழை விட்டதும் போடுங்க" என்றார். பையில் கட்டிக் கொடுத்தார். ஒரு பெரியவர் புதிதாக வருகிற வாடிக்கையாளரிடம் எவ்வளவு மரியாதையாகப் பேசுவாரோ அவ்வளவு மரியாதையாகப் பேசினார் அக்கா. என்னை அவர் ஒரு நாளும் வாங்க போங்க என்று சொன்னதில்லை.

நான் நின்றுகொண்டே இருந்தேன். "வேற எதுனா வோணுமா?" என்றார். இல்லை என்றேன். அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

விதை இங்கே என் மேஜைமேல் இருக்கிறது. எங்கே போடுவது என்று தெரியவில்லை.

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நீ என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு. ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். நைனாவுக்குக் கண் பார்வை எப்படி இருக்கிறது? குறைந்திருக்கிறதா? அதை மட்டும் ஒரு வரி எழுது.

ஸ்ரேயாம்ஸ்